கோயில் முற்றத்தில் பிறந்த ஆட்டம்



சென்ற மாதம் ஒரு தாயார் எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். ஊரும் பேரும் இங்கே வேண்டா. அவருடைய மகன் பொறியியல் கற்று, ஜெர்மனி நாட்டில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, மாதந்தோறும் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். ஆனால் விடுமுறை கிடைத்தால் போதும், ஊர் ஊராகச் சென்று கால்பந்தாட்ட அரங்குகளைப் பார்த்து வருகிறானாம். "ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்றாலும் மனம் ஆறும், சுவாமி. ஆட்டத்தைவிட அங்கே கூடும் கூட்டத்தைப் பார்க்கத்தான் போகிறேன் என்கிறான். ஊர் பேர் தெரியாத மனிதர்களோடு கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று பாடுகிறான். கோயிலுக்குப் போனாயா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். நீங்கள் அந்த நாட்டில் சில காலம் இருந்தவராயிற்றே, இது என்ன பைத்தியம் என்று நீங்களே எழுதுங்கள்" என்று முடித்திருந்தார்.

இக்கடிதத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஞாயிறு திருப்பலியைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது; திருச்சபையின் கட்டளை ஜெர்மனியிலும் அதுவே, நம் ஊரிலும் அதுவே. அரங்குகளைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதன்று. அதனால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். குருவானவர் கால்பந்தைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்போர், புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில் ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டாகக் கூறியதை நினைவில் கொள்வார்களாக.

ஜெர்மனியின் ரூர் ஆற்றுப் பகுதி, ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் நிறைந்திருந்த தொழிலாளர் சீமை. அங்குள்ள ஒரு பங்கில், விடுமுறையில் சென்ற குருவுக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அக்கோயிலின் கோயிற்பிள்ளை என்னை டார்ட்முண்ட் நகர அரங்குக்கு அழைத்துச் சென்றார். அறுபது வயதைக் கடந்த மனிதர்; பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றும்போது எவ்வளவு பக்தியோ அவ்வளவு பக்தியோடு மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். புகைவண்டி முழுவதும் மஞ்சளும் கறுப்பும். தாத்தாவும் தந்தையும் பேரனும் ஒரே நிறத்தில் அமர்ந்திருந்தனர்.

அந்த அரங்கில் 81,365 பேர் கூடலாம். அதன் தென்புற மேடை ஒன்றில் மட்டும் 24,454 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் நின்று பார்க்கும் மேடைகளுள் இதுவே பெரியது. மஞ்சள் சுவர் என்பது அதற்கு வழங்கும் பெயர். ஆட்டம் தொடங்குமுன் அங்கே நடந்த ஒன்றை நான் மறக்க முடியாது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஆட்டக்காரரின் முதற்பெயரை மட்டும் உரக்கச் சொல்கிறார். உடனே எண்பதினாயிரம் பேரும் ஒரே குரலில் அவருடைய குடும்பப் பெயரை முழங்குகிறார்கள். மறுபடியும் ஒரு பெயர், மறுபடியும் முழக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், நம் தேவமாதா மன்றாட்டு மாலையின் முறை அப்படியே இருந்தது. முன்னே ஒருவர் சொல்ல, மக்கள் பதில் சொல்வது என்னும் இம்முறையை யாரிடமிருந்து கற்றார்கள் என்று கோயிற்பிள்ளையிடம் கேட்டேன். "நம்மிடமிருந்துதான், வேறு யாரிடமிருந்து?" என்றார். அவர் சொன்னது சரித்திரப்படி சரியோ தவறோ அறியேன். ஆனால் அதே வாரம் எங்கள் ஞாயிறு திருப்பலியில் இருந்த முப்பத்திரண்டு பேரும் பதில் சொன்ன குரல் என் காதில் விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொலைக்காட்சியில் பந்து தெரியும். இந்த மனிதர்கள் தெரியமாட்டார்கள். அவர்களைக் காணத்தான் அந்தத் தம்பி ஊர் ஊராகச் செல்கிறான். ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி. பணம் படைத்த ஒருவர் கழகத்தை வாங்கித் தம் விருப்பம்போல் நடத்த இயலாது. அதனால் நின்று பார்க்கும் இடத்துக்கான சீட்டு, தொழிலாளியின் கூலிக்கு எட்டும் விலையில் இன்றும் கிடைக்கிறது. இதை அறிந்தால், அங்கு நிற்பவன் "என் கழகம்" என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சாக இல்லாததன் காரணம் விளங்கும்.

இனி நம் பிள்ளைகள் மட்டுமன்றி நம் குருக்களும் அறியவேண்டிய ஒரு கதை. இந்த டார்ட்முண்ட் கழகம் ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து பிறந்தது. பிறந்த விதந்தான் வருத்தத்துக்குரியது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் தமத்திரித்துவ ஆலயம் இருந்தது. அதன் வாலிபர் சபையைச் சேர்ந்த இளைஞர்கள் பந்து விளையாடினார்கள். துணைப் பங்குக் குருவாகிய ஹூபர்ட் டெவால்டு என்பவருக்கு அது பிடிக்கவில்லை. முரட்டு ஆட்டம், ஒழுங்கைக் கெடுக்கும் ஆட்டம் என்று கருதினார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வழிபாட்டுக்கு அவர்கள் வந்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தினார். ஆட்டத்துக்கு உரிய நேரமும் அதுவே. இளைஞர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 1909-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், திருவருகைக் காலத்து ஞாயிறு, ஒரு மதுக்கடையின் மேல்மாடி அறையில் கூடினார்கள். செய்தி கேட்டு டெவால்டு அடிகளே அங்கு வந்ததாகவும், அவரை வாசலிலேயே தடுத்து நிறுத்தியதாகவும் சொல்லுகிறார்கள். இறுதிவரை நின்ற பதினெட்டுப் பேர் கழகத்தைத் தொடங்கினார்கள். பிரான்ஸ் யாக்கோபி என்னும் இளைஞர் அவர்களை நடத்தினார். அருகிலிருந்த மதுவடிப்பு ஆலையின் பெயராகிய பொருசியா என்பதையே கழகத்துக்கும் சூட்டினார்கள்.

ஒரு குருவுக்கும் அவருடைய சபை வாலிபர்களுக்கும் இடையே மூடிய கதவு அது. டெவால்டு அடிகளை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. அக்காலத்து ஆட்டம் உண்மையிலேயே முரட்டுத்தனமானது. ஆட்டத்துக்குப்பின் மதுக்கடை என்பதும் வழக்கமாக இருந்தது. தம் பொறுப்பிலிருந்த ஆன்மாக்களைக் காக்கவே அவர் முயன்றார். ஆயினும் விளைவு என்ன? சனிக்கிழமை எண்பதினாயிரம் பேர் கூடும் இடம் ஒன்று எழுந்தது. அதில் நமக்கு இடமில்லாமற் போயிற்று. நெடுங்காலத்துக்குப் பிறகு கசப்பு நீங்கியது. இன்று அந்தத் தமத்திரித்துவ ஆலயத்தைக் கழகம் பிறந்த கோயில் என்றே அழைக்கிறார்கள். இரசிகர்கள் அங்கு வருகிறார்கள். அவர்களுக்கென வழிபாடுகளும் நடைபெறுகின்றன.

இதே கதையின் மறுபக்கம் அதற்கு ஓராண்டு முன்னரே, உலகின் மறுகோடியில் நடந்தது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் அல்மாக்ரோ என்னும் பகுதி. தெருவில் சிறுவர்கள் பந்து விளையாடுவார்கள். தண்டவாளத்தில் டிராம் வண்டி ஓடும். பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்று கண்டார் லொரென்சோ மாஸா என்னும் சலேசிய சபைக் குரு. அவர் சிறுவர்களைக் கூப்பிட்டு, எங்கள் மடத்து முற்றத்தில் விளையாடுங்கள், ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் வந்துவிடுங்கள் என்று சொன்னார். புனித ஜான் போஸ்கோவின் பிள்ளையல்லவா, வேறு எப்படிச் செய்வார்! 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அக்கழகம் தோன்றியது. பிள்ளைகள் அவருடைய பெயரையே வைக்க விரும்பினார்கள். தம் பெயருக்காக வேண்டா, புனித லவுரெஞ்சியாரின் பெயருக்காகவும், நாட்டு விடுதலைப் போரில் அப்பெயர் கொண்ட இடத்தில் கிடைத்த வெற்றிக்காகவும் ஆகட்டும் என்று இசைந்தார். அதுவே சான் லொரென்சோ கழகம். அதன் இரசிகர்களுள் ஒரு சிறுவன் தன் தந்தையோடு அரங்குக்குச் சென்று வளர்ந்தான். 2013-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் ஆனான்.

திருத்தந்தையான பின்னும் அவர் அக்கழகத்தின் உறுப்பினராகவே இருந்தார். அவருடைய உறுப்பினர் எண் 88235. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில், அர்ஜென்டினா நேரப்படி அதிகாலை 2.35 மணிக்கு அவர் இறைவனடி சேர்ந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அந்நாட்டு மக்கள் வியந்தார்கள். எண் சாத்திரத்தை நான் ஊக்குவிப்பவனல்லன். இதைக் கேட்டுவிட்டு யாரும் உறுப்பினர் அட்டையை எடுத்துக் கணக்குப் போட வேண்டா.

அவர் சிறுவயதில் சென்ற பழைய அரங்கு இன்று இல்லை. இராணுவ ஆட்சிக் காலத்தில், 1979-இல் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. பிறகு நிலம் கைமாறி, அவ்விடத்தில் பேரங்காடி எழுந்தது. இரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பிறந்த மண்ணுக்குத் திரும்பவேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். 2012-இல் நகரச் சட்டமன்றமே அந்நிலம் கழகத்துக்குத் திரும்பச் சட்டம் இயற்றியது. கடையில் அரிசி பருப்பு வாங்கச் சென்ற பெரியவர்கள், "இங்கேதான் கோல் கம்பம் இருந்தது" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இடிக்கப்பட்ட பழைய கோயிலைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதும் இதே குரலில்தானே?

இங்கிலாந்திலும் பல கழகங்கள் கோயில் வாசலில் பிறந்தவையே. எவர்ட்டன் 1878-இல் ஒரு மெதடிஸ்டு ஆலயத்தாரால் தொடங்கப்பட்டது. மான்செஸ்டர் சிட்டியின் மூலம் 1880-இல் புனித மாற்கு ஆலயம். சௌத்தாம்ப்டன் 1885-இல் புனித மரியாள் ஆலய இளைஞர் சங்கம். ஸ்பெயினில் பில்பாவோ நகரத்து அரங்கின் பெயரே ஒரு வேதசாட்சியின் பெயர். கிண்ணம் வென்றால் ஆட்டக்காரர்கள் பெகோஞ்ஞா மாதாவின் பேராலயத்துக்குச் சென்று காணிக்கை செலுத்துகிறார்கள். இவற்றையெல்லாம் விரித்தால் இடம் போதாது.

ஆனால் ஸ்காட்லாந்தை விட்டுவிட முடியாது. அங்கே நமக்குப் பெருமையும் உண்டு, தலைகுனிவும் உண்டு. எடின்பரோவில் புனித பத்ரீசியார் ஆலயத்தின் குருவாகிய எட்வர்டு ஹானன் அடிகள், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்து இளைஞருக்காக 1875-இல் ஹைபெர்னியன் கழகத்துக்கு உறுதுணையாக நின்றார். 1887-இல் அது ஸ்காட்லாந்துக் கிண்ணத்தை வென்று, கிளாஸ்கோவில் புனித மரியாள் ஆலய மண்டபத்தில் விருந்துண்டது. அதைக் கண்ட கிளாஸ்கோ கத்தோலிக்கர், நாமும் ஏன் இப்படி ஒன்று தொடங்கலாகாது என்று எண்ணினர். அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், அதே மண்டபத்தில் செல்டிக் கழகம் பிறந்தது. பிறப்பித்தவர் அருட்சகோதரர் வால்ஃபிரிடு. மாரிஸ்ட் சகோதரர் சபையினர், பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு ஆட்டத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு போடவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். நுழைவுக் கட்டணத்தைப் பிள்ளைகளின் உணவுக்குக் கொடுக்கலாம் என்பதே அவருடைய கணக்கு. 1888-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் முதல் ஆட்டம், எதிரணி ரேஞ்சர்ஸ், செல்டிக் ஐந்துக்கு இரண்டு என்று வென்றது.

பின்னர் நடந்தது என்ன? 1892-இல் சகோதரர் வால்ஃபிரிடு இலண்டனுக்கு மாற்றப்பட்டார். கூட்டமும் வருமானமும் பெருகின. பிள்ளைகளின் உணவுக்குச் சென்ற பணமோ குறைந்துகொண்டே வந்தது. 1897-இல் கழகம் பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாயிற்று. இன்று அரங்கின் வாசலில் அச்சகோதரரின் சிலை நிற்கிறது. இரசிகர்கள் நடத்தும் அறப்பணிகளும், கழகத்தின் அறக்கட்டளையும் அவர் பெயரைச் சொல்லியே நடைபெறுகின்றன. ஆனாலும் தரும நோக்கத்தோடு தொடங்கிய ஒன்று பத்தே ஆண்டுகளில் எப்படி உருமாறும் என்பதை, திருவிழா வரவு செலவு எழுதும் நம் பங்குப் பேரவையினர் நன்றாக அறிவார்கள்.

அதைவிடக் கொடியது, பகை. செல்டிக் கத்தோலிக்கருடையது, ரேஞ்சர்ஸ் புரோட்டஸ்டாண்டினருடையது என்று ஒரு நகரமே இரண்டாகப் பிரிந்தது. கத்தோலிக்கர் என்று தெரிந்தால் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்க்காத வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1989-இல் மோ ஜான்ஸ்டன் என்னும் கத்தோலிக்க ஆட்டக்காரரை அக்கழகம் எடுத்தபோது, அதன் இரசிகர் சிலர் தம் கழுத்துத் துண்டுகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். திருத்தந்தையைப் பழித்துப் பாடும் பாட்டு ஒருபுறம். ஆயுதம் தாங்கிய அயர்லாந்துக் குழுவினரைப் புகழ்ந்து பாடும் பாட்டு மறுபுறம். நம்மவர் பாடுவதால் அந்த இரண்டாவது பாட்டு ஞானப்பாட்டு ஆகிவிடாது. 2012-இல் இவற்றைத் தடுக்க ஸ்காட்லாந்து ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2018-இல் அதை நீக்கிவிட்டது.

வியப்பு என்னவென்றால், செல்டிக் தன் வாசலைப் புரோட்டஸ்டாண்டு ஆட்டக்காரர்களுக்கு மூடியதே இல்லை. 1967-இல் இலிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற செல்டிக் அணியினர் பதினொருவரும், தங்கள் அரங்கிலிருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். அவர்களைப் பயிற்றுவித்து நடத்திய ஜாக் ஸ்டீன் ஒரு புரோட்டஸ்டாண்டு. அரங்கில் பகைப்பாட்டுப் பாடுபவன் அந்தக் கிண்ணத்தைப் பற்றியும் பெருமையாகப் பாடுகிறான். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து எப்படி வருகின்றன என்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

1971-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள், ரேஞ்சர்ஸ் அரங்காகிய ஐப்ராக்ஸில் இவ்விரு கழகங்களின் ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறும்போது, ஒரு படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர்கள். அம்மாதமே இரு கழகத்தாரும் ஒரே அணியாகச் சேர்ந்து, ஸ்காட்லாந்து அணியை எதிர்த்து ஆடி, மாண்டோர் குடும்பங்களுக்கு நிதி திரட்டினர். பச்சையும் நீலமும் ஒரே பக்கத்தில் ஆடிய நாள் அது.

லிவர்ப்பூல் நகரத்தையும் சொல்லவேண்டும். 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் ஆட்டம் பார்க்கச் சென்ற லிவர்ப்பூல் இரசிகர்கள், கம்பி வேலியால் அடைக்கப்பட்ட மேடையில் நசுங்கினார்கள். மாண்டவர் தொகை பின்னர் 97 ஆயிற்று. அன்று பட்ட காயத்தால் நெடுநாள் துன்புற்ற ஒருவர் 2021-இல்தான் இறந்தார். மறுநாள் ஞாயிறு மாலை கத்தோலிக்கப் பேராலயத்தில் ஆன்ம இளைப்பாற்றித் திருப்பலி நடந்தது. இரசிகர்கள் வழக்கமாக அரங்கில் பாடும் "யூ'ல் நெவர் வாக் அலோன்" என்னும் பாட்டைப் பாடகர் குழுச் சிறுவன் ஒருவன் தனியே பாடினான். 1945-இல் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டு அது. 1963 முதல் அந்நகரத்தாரின் சொத்தாகிவிட்டது. அந்த வாரம் லிவர்ப்பூல் அரங்கின் புல்தரை பாதிக்குமேல் பூக்களால் மூடப்பட்டது. எதிர்க்கழகமாகிய எவர்ட்டனின் அரங்குவரை, பூங்காவின் ஊடாக, சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைத்தார்கள்.

துயரத்தின்மேல் பழியும் வந்தது. குடித்துவிட்டு வந்த இரசிகர்களே காரணம் என்று காவல்துறையினர் சொன்னார்கள். இலண்டன் பத்திரிகை ஒன்று அதையே உண்மை என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அந்நகரத்தார் பலர் இன்றுவரை அப்பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் அமைந்த குழு, மறைத்து வைத்திருந்த ஏடுகளையெல்லாம் புரட்டி 2012-இல் உண்மையை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், மாண்டோர் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டவர்கள், இரசிகர் மேல் பழியில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பெற்றோர் கண்ணை மூடிவிட்டார்கள்! ஓர் அரங்கில் கூடி நிற்பவரைக் கும்பல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் லிவர்ப்பூல் தாய்மாருக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அதே நகரத்தில் 2015 முதல் இரு கழக இரசிகர்களும் சேர்ந்து, ஆட்ட நாளில் அரங்கின் வெளியே நின்று, ஏழைக் குடும்பங்களுக்காக உணவுப் பொருள் திரட்டி வருகிறார்கள். சகோதரர் வால்ஃபிரிடு பார்த்தால் மகிழ்வார்.

இன்னும் ஒன்று. கிழக்கு பெர்லினில் யூனியன் என்றொரு கழகம் இருக்கிறது. அவர்களுடைய அரங்கு பழுதடைந்தபோது, பணமில்லாததால், 2008-இலும் 2009-இலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இரசிகர்கள் தாமே கல்லும் சிமெண்டும் சுமந்து, சம்பளமின்றிக் கட்டி முடித்தார்கள். நம் முன்னோர் கடற்கரைக் கோயில்களைக் கட்டியதும் அவ்வாறே. அங்கு 2003-ஆம் ஆண்டு, அணி தோல்விமேல் தோல்வி கண்ட காலத்தில், டிசம்பர் 23-ஆம் நாள் இரவு எண்பத்தொன்பது பேர் அரங்கினுள் கூடி, மெழுகுவத்தி ஏந்திக் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாடினார்கள். அடுத்த ஆண்டுகளில் அது நூறாயிற்று, ஆயிரமாயிற்று. பின்னர் இருபத்தெட்டாயிரத்தை எட்டியது. கடவுள் இல்லை என்று நாற்பது ஆண்டு பள்ளியில் கற்பித்த நகரப் பகுதி அது. அங்கே போதகர் ஒருவர் ஒலிபெருக்கியில் பெத்லகேம் நிகழ்ச்சியை வாசிக்க, அரங்கு முழுவதும் அமைதியாகக் கேட்கிறது.

ஆகவே, அம்மா, உங்கள் மகன் பைத்தியக்காரன் அல்லன். அவன் போகட்டும். போகுமுன் சிலவற்றை மட்டும் அவனுக்கு எழுதுங்கள். நுழைவுச் சீட்டைக் கழகத்திடமே வாங்கவேண்டும். அரங்க வாசலில் விற்பவனிடம் வாங்கினால் பணமும் போகும், ஆட்டமும் போகும். எதிரணியின் நிறத்தில் சட்டை அணிந்து உள்ளூர்க்காரர் நடுவே நிற்கலாகாது. இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோவுக்குப் பின் முதல்தரக் கழகங்களின் அரங்குகளில் எல்லாருக்கும் இருக்கை என்றாயிற்று; நின்று பார்க்கத் தனி இடங்களுக்கு 2022 முதல்தான் அனுமதி கிடைத்தது. ஜெர்மனியில் நிற்கும் மேடைக்குச் செல்வதானால் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று இடம் பிடிக்கவேண்டும். அங்கே நின்று தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டே இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை. மது அங்கே தண்ணீர்போல் ஓடும். அவனுக்கு அளவு தெரியும் என்று நம்புகிறேன். பந்தயப் பணம் கட்டும் விளம்பரங்கள் ஐரோப்பிய அரங்குகளில் கண்ணைப் பறிக்கும். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் தெரியாத பாட்டைப் பாடவேண்டா. பக்கத்தில் நிற்பவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாடட்டும். கிளாஸ்கோவில் இது மிகவும் அவசியம்.

திருப்பலிக்கு நேரமில்லை என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள். ஜெர்மனியில் சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் பிற்பகல் மூன்றரை மணிக்கு. ஞாயிறு ஆட்டங்களும் பிற்பகலிலேயே தொடங்குகின்றன. காலை முழுவதும் அவன் கையில் இருக்கிறது. டார்ட்முண்டில் அந்தத் தமத்திரித்துவ ஆலயத்தையும் ஒருமுறை பார்த்து வரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதும்போது என் மேசைமேல் இன்னொரு தாள் கிடக்கிறது. எங்கள் பங்கின் இளைஞர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். பாதுகாவலர் திருவிழாவை ஒட்டி நடக்கும் கால்பந்துப் போட்டியில் இவ்வாண்டு பதினாறு அணிகள் வருகின்றனவாம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஆட்டம் நடத்தவேண்டும். அதே நேரத்தில் நற்கருணை ஆசீர் இருப்பதால் நேரத்தை மாற்றித் தரக் கேட்கிறார்கள். பெரியவர்கள் சிலர் என்னிடம் தனியே வந்து, இன்று ஆசீரை மாற்றுவீர்கள், நாளை பூசையை மாற்றச் சொல்வார்கள் என்று எச்சரித்துச் சென்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெவால்டு அடிகளும் ஏறத்தாழ இதைத்தான் சொல்லியிருப்பார். இரண்டு நாள் யோசித்தேன். அந்த நான்கு ஞாயிறுகளிலும் நற்கருணை ஆசீர் மாலை ஆறரை மணிக்கு நடக்கும் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டேன். ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்தாகவேண்டும். கை கால் கழுவ முற்றத்துக் குழாயில் தண்ணீர் வரும்படி கோயிற்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் அந்த அழுக்குச் சட்டையோடே உள்ளே வரலாம்.